இயந்திரக் கைக்கு முன்னே ஒரு கைவிளக்கு

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சீனாவின் சியான் நகரில் ஒரு பெண்மணியின் தாடை எலும்பில் இரண்டு செயற்கைப் பல் வேர்களை ஒரு ரோபோ பொருத்தியது. மருத்துவர்கள் அருகில் நின்று கண்காணித்தார்கள். ஆனால் பொருத்தும் வேலையில் அவர்கள் கை வைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. திட்டமிட்ட இடத்திற்கும் பொருத்திய இடத்திற்கும் இருந்த வேறுபாடு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் மட்டுமே. இச்செய்தி உலகெங்கும் வியப்போடு பேசப்பட்டது.

இப்படிப்பட்ட செய்தியைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் ஒரு பாட்டியிடம் சொன்னால், அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்திற்கு மாற்றிக்கொண்டு, “அப்படியா ஐயா?” என்று சிரித்துவிட்டுப் போகக்கூடும். ஆனால், அந்த ரோபோவுக்கும் அந்த வெற்றிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வாய், தாடை, முகம் ஆகியவற்றில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்று, வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்படுவது. அந்நோய் மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே அதிகம் காணப்படுகிறது. பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலைப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். எனவே, வாய் அறுவைச் சிகிச்சைக்கு வந்திருக்கும் புதிய இயந்திரங்கள் தோட்டத்து மக்களுக்கு உண்மையில் எந்த அளவு உதவும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

முதலில் அந்த இயந்திரங்களைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. அறுவை அறையில் ரோபோ என்றால், திரைப்படத்தில் வருவது போல் கத்தியைப் பிடித்து நடந்து வரும் இரும்பு மனிதன் அன்று. அது பல கருவிகள் ஒன்றாக இணைந்து இயங்கும் ஓர் அமைப்பு. நோயாளியின் தலையை சிடி ஸ்கேன் கருவி முப்பரிமாணத்தில் படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் துளையிடுவது என்று மருத்துவர் கணினியில் முன்கூட்டியே வரைந்து வைக்கிறார். சிகிச்சையின்போது நோயாளியின் தாடை சிறிது அசைந்தாலும் அதைக் கேமராக்கள் பின்தொடர்ந்து கணினிக்குத் தெரிவிக்கின்றன. கடைசியாகத்தான் இயந்திரக் கை வேலையைத் தொடங்குகிறது. படம், திட்டம், வழிகாட்டல், கை ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றுக்கும் மதிப்பில்லை.

இன்னொரு வகை ரோபோவில் முடிவெடுப்பதும் அசைப்பதும் மருத்துவரே. டா வின்சி என்னும் அமைப்பு அத்தகையது. மருத்துவர் சற்றுத் தள்ளி ஓர் இருக்கையில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் இருக்கும் மெல்லிய கருவிகள் அவ்வாறே அசைகின்றன. மனிதக் கையில் இயல்பாக உள்ள சிறு நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த அமைப்புக்கு 2000-ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் கிரெகரி வைன்ஸ்டைனும் பெர்ட் ஓ’மாலியும் வாய் வழியாகவே தொண்டைக் கட்டிகளை அகற்றும் முறையை இதனைக் கொண்டு உருவாக்கினார்கள். 2009-இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு நாக்கின் அடிப்பகுதியில் உள்ள கட்டியை எட்டுவதற்குப் பல நேரங்களில் கீழுதட்டையும் தாடை எலும்பையும் பிளக்க வேண்டியிருந்தது. பிளந்த தாடையோடு பல வாரம் படுத்திருப்பதற்கும், முகத்தில் ஒரு தழும்பும் இல்லாமல் வீடு திரும்புவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த நோயாளியும் எளிதில் உணர்வார்.

மலேசியாவும் இத்துறைக்குப் புதிய நாடு அன்று. 2004-ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் சிறுநீரகவியல் துறையினர் ரோபோவைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர்.

இவற்றைவிட வியப்பளிப்பது தாடையை மீண்டும் உருவாக்கும் வேலை. புற்றுநோய் தாடை எலும்புக்குள் புகுந்துவிட்டால் அந்த எலும்பை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். அந்த இடத்தை நிரப்ப எலும்பு எங்கிருந்து கிடைக்கும்? காலிலிருந்து! முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றுள் மெல்லியதான வெளிப்புற எலும்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதனால் நடக்க முடியும். 1989-இல் டேவிட் ஹிடால்கோ என்னும் அமெரிக்க மருத்துவர் அந்த எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, துண்டுகளாக வெட்டி, தாடையின் வளைவுக்கு ஏற்ப அடுக்கிப் பொருத்தும் முறையை வெளியிட்டார். நேரான எலும்பை வளைந்த தாடையாக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வெட்டின் கோணமும் சரியாக இருக்க வேண்டும். கோணம் பிசகினால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தா, மெல்ல முடியாது. இந்த வெட்டுகளுக்கு வழிகாட்ட ரோபோவைப் பயன்படுத்தும் முயற்சி சீனாவில் நடைபெற்று வருகிறது. துல்லியம் என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

ஆகவே, இந்த இயந்திரங்களைப் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது தவறு. ஆனால், இவை யாருக்கு உதவும் என்பதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ரோபோவைப் புகழும் செய்திகளில் அவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

முதல் நிபந்தனை கட்டியின் அளவு. 2009-இல் கிடைத்த அனுமதி, முதல் இரண்டு நிலைகளில் உள்ள கட்டிகளுக்கு உரியது. அதாவது, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகள். அதற்குமேல் வளர்ந்து, எலும்பிலும் கழுத்திலும் பரவிய பிறகு வருபவருக்குப் பழைய முறையில் பெரிய அறுவைதான் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது நிபந்தனை இன்னும் எளிமையானது. வாய் திறக்க வேண்டும். கருவிகளும் கேமராவும் வாய் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் வெற்றிலைப் பாக்கு குறுக்கே வருகிறது. நாள்தோறும் பல ஆண்டுகள் பாக்கு மெல்பவர்களின் கன்னத்தின் உட்புறத் தசை மெல்ல மெல்ல நார் போல் இறுகிவிடும். தொடக்கத்தில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளுத்து விறைக்கும். ஒரு காலத்தில் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வைக்கும் அளவுக்குத் திறந்த வாய், இரண்டு விரல், ஒரு விரல் என்று சுருங்கிக்கொண்டே வரும். இது புற்றுநோய்க்கு முந்திய நிலைகளுள் ஒன்றாகும். இந்த நிலையை அடைந்தவருக்கு உலகின் மிகச் சிறந்த இயந்திரக் கை பக்கத்து அறையிலேயே இருந்தாலும், அது உள்ளே நுழைய வாசல் இல்லை.

தோட்டத்து மக்களைக் குறை சொல்வதற்காக இது கூறப்படவில்லை. கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்டவர்களுள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஊரை விட்டு வந்தவர்கள் தங்களோடு கொண்டு வந்த சில பொருள்களுள் வெற்றிலைப் பெட்டியும் ஒன்று. மலைக் குளிரில் கூடையைச் சுமந்து சரிவில் நிற்பவருக்கு வெற்றிலை சூடு தந்தது; பசியைத் தள்ளிப் போட்டது; பக்கத்து நிரையில் நிற்பவரோடு பேச்சுக்கு ஒரு தொடக்கமாகவும் இருந்தது. திருமணத்தில் தாம்பூலம் மாற்றாமல் உறவு உறுதியாவதில்லை. மலாய்க்காரர்களின் விருந்தோம்பலிலும் வெற்றிலைத் தட்டு உண்டு. தட்டில் இருக்கும் வெற்றிலையால் யாருக்கும் தீங்கு இல்லை. பாக்கையும் புகையிலையையும் சேர்த்துக் கொடுப்பில் மணிக்கணக்காக அடக்கி வைப்பதும், சிலர் அப்படியே உறங்கிவிடுவதும்தான் ஆபத்து. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்னும் முடிவை 2004-இல் வெளியிட்டது. “நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்” என்று சொல்லும் பாட்டிமாருக்கு அந்த இரண்டாவது செய்தி இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது.

முதல் நிபந்தனையான கட்டியின் அளவுக்கும் மலைக்கும் தொடர்பு உண்டு. கன்னத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டு வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக யாரும் ஒருநாள் சம்பளத்தை இழக்க மாட்டார்கள். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. ஆயினும், தாடை அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் மலையை விட்டு இறங்கி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது; பெரிய மருத்துவமனை அருகில் இருப்பதோ பேராக் மாநிலத்தில். பகாங்கின் தலைநகரான குவாந்தான் இன்னும் வெகு தொலைவில் உள்ளது. வளைந்து நெளிந்து இறங்கும் பாதையில் வயதானவர் ஒருவரை அழைத்துச் செல்ல மகனோ மகளோ உடன் போக வேண்டும். அவர்களுக்கும் ஒருநாள் சம்பளம் போகும். இதனால் புண் பெரிதாகி, சோறு இறங்காமல் போன பிறகே பலர் வருகிறார்கள். மலேசியாவில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மை.

ஆக, அந்த விலையுயர்ந்த இயந்திரம் எதிர்பார்ப்பது சீக்கிரம் வரும் நோயாளியை. சீக்கிரம் வர வேண்டுமானால் யாராவது ஒருவர் முன்கூட்டியே வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குத் தேவையானவை ஒரு கைவிளக்கு, ஒரு சிறு கண்ணாடி, பயிற்சி பெற்ற இரு கண்கள்.

இது வெறும் ஆசை அன்று என்பதற்குச் சான்று கேரளத்தில் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 1,90,000 பேர் அதில் இடம்பெற்றார்கள். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் நேரில் சென்றார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் வாயையும் வெளிச்சத்தில் பார்த்து, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சேவை மட்டுமே. முடிவுகள் 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, வாயைப் பார்த்து வந்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு! அந்த ஊழியர்களின் கையில் எந்த ரோபோவும் இருக்கவில்லை.

மலேசியச் சுகாதார அமைச்சும் இதனை அறியாமல் இல்லை. வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கும் தொடக்கத்திலேயே கண்டறிவதற்குமான திட்டத்தை அது 1997 முதல் நடத்தி வருகிறது; தோட்டங்கள் அதன் முக்கிய இலக்குகளுள் அடங்கும். அண்மைக் காலத்தில் கேன்சர் ரிசர்ச் மலேசியா நிறுவனம், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடும் பிறரோடும் சேர்ந்து ‘மெமோசா’ என்னும் திறன்பேசிச் செயலியை உருவாக்கியுள்ளது. தொலைவில் இருக்கும் ஒருவரின் வாயைப் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்ப அது உதவுகிறது. சேர்ந்துவரும் படங்களைக் கொண்டு, ஐயத்திற்குரிய திட்டு எது, சாதாரணப் புண் எது என்று பிரித்தறியச் செயற்கை நுண்ணறிவுக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு லயத்திலிருந்து நிபுணரின் மேசைக்கு ஒரு படம் போய்ச் சேரச் சில நொடிகள் போதும். ஈப்போவுக்குப் போக வேண்டிய பத்துப் பேரில் உண்மையில் யார் போக வேண்டும் என்பது மலையிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நகரத்தாருக்கு ரோபோ, தோட்டத்தாருக்குக் கைவிளக்கா? இது ஏற்றத்தாழ்வு அன்றோ? நியாயமான கேள்விதான். தோட்டத் தொழிலாளி என்பதற்காக மட்டமான சிகிச்சை போதும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால், ஒரு டா வின்சி அமைப்பின் விலை ஒரு மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல். அதைப் பராமரிக்கவும் அதன் கருவிகளை மாற்றவும் ஆண்டுதோறும் செலவு உண்டு. அதனை இயக்கும் குழு தொடர்ந்து பலருக்குச் சிகிச்சை செய்தால்தான் திறமை மங்காமல் இருக்கும். அத்தகைய இயந்திரம் பெரிய நகரில், நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையில் இருப்பதே முறை. தோட்டத்துப் பாட்டிக்கு அதில் சம உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலையில் அவர் உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சிக்கல். கைவிளக்கு அவருக்கு ரோபோவுக்கான நுழைவுச் சீட்டு. கன்னத்தில் தோன்றும் சிறிய கட்டியாக இருந்தால் ரோபோவே தேவைப்படாமலும் போகலாம். கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதை ஒரு மருத்துவர் தம் கையாலேயே அகற்றிவிடுவார்.

வேறு சிலர் தொலைதூர அறுவையை எடுத்துக்காட்டுவார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, கடலுக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றினார். அப்படியானால் தானா ராத்தாவில் ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து இயக்கலாமே? கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் வாய்ப் புற்றுநோய் அறுவைக்கு மயக்க மருந்து நிபுணர், இரத்தம், திசுவை உடனே சோதிக்கும் ஆய்வகம், தீவிரக் கண்காணிப்புப் பிரிவு, பிறகு விழுங்கவும் பேசவும் பயிற்சி தருபவர்கள் என ஒரு படையே நோயாளியின் அருகில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து வெட்டுவது இன்னும் அரிய செயல். தொலைவிலிருந்து பார்ப்பதோ இன்றைக்கே கைகூடியிருக்கிறது. எளிதானதை முழுமையாகச் செய்து முடிக்காமல் அரியதைக் கனவு காண்பது பணத்தையும் உயிரையும் வீணாக்கும்.

தேயிலைச் சரிவிலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஒரு காலத்தில் விரலால் கிள்ளிய கொழுந்தை இன்று பல இடங்களில் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் கொய்கிறது. இயந்திரம் வந்ததால் வேலை விரைவாயிற்று. ஆனால், எந்த நிரையில் கொழுந்து பதமாக இருக்கிறது, எதை இன்னும் சில நாள் விட்டுவைக்கலாம் என்பதை இயந்திரம் சொல்வதில்லை. சரிவில் நடந்து பார்க்கும் ஒருவர்தான் சொல்கிறார்.

அவ்வாறு நடந்து பார்ப்பவரை வாய்ப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்வதில் பெரிய தடை எதுவும் இல்லை. பல் மருத்துவக் குழு தோட்டத்திற்கு வரும் நாள் வேலை நாளாக இருந்தால், சரிவில் இருப்பவர்களைத் தவறவிட்டு, லயத்தில் இருப்பவர்களை மட்டுமே பார்க்க நேரிடும். அதற்கு மாறாக, காலையில் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக்களத்திலோ சம்பளம் போடும் நாளிலோ குழு வந்தால் ஒருவரும் விடுபடமாட்டார்கள். இப்போது தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுள்ளும் பாக்கு மெல்பவர்கள் உண்டு. தமிழில் மட்டும் அச்சடித்த கையேடு அவர்களுக்குப் பயன்படாது. பரிசோதனையில் ஐயம் தோன்றியவரை ஈப்போவுக்கு அழைத்துச் செல்ல வண்டியும், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் விடும் ஏற்பாடும் வேண்டும். ரோபோ வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இவை அற்பத் தொகை.

வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாட்டியின் வாயைப் பேரப்பிள்ளை திறன்பேசி வெளிச்சத்தில் பார்க்கலாம். கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு ஆகிய இடங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, மூன்று விரல் நுழையாத வாய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டி முதலில் சம்மதிக்க மாட்டார். “வயசான காலத்துல என் வாயில என்னடா பார்க்கப் போற?” என்பார். வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வதற்கே இரண்டு முறை கெஞ்ச வேண்டியிருக்கும். அதன் பிறகு, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவர் வாயைத் திறப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.